இதய அறுவை முடிந்து ஏழு ஆண்டுகள்: டவுன் சிண்ட்ரோம் உள்ள என் மகள் ஏன் இப்படி மந்தமாகிவிட்டாள்?

1. தேவகோட்டை ஆத்தா

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு எட்டு வயது. பிறந்த மூன்றாம் நாளிலேயே டவுன் சிண்ட்ரோம் இருக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். நாற்பதாம் நாள் எடுத்த எக்கோவில் (இதய ஸ்கேன்) இதயத்தின் மேலறைகள் இரண்டுக்கும் நடுவிலும் கீழறைகள் இரண்டுக்கும் நடுவிலும் சேர்ந்தாற்போல் பெரிய துளை இருப்பது தெரிந்து, ஐந்தாம் மாதத்தில் சென்னையில் அறுவை செய்தோம். அதன் பிறகு மூன்று ஆண்டுகள் தவறாமல் எக்கோ எடுத்தோம். பிள்ளை நன்றாக ஓடியாடியதால், கடன் தீர்ந்தது என்ற நினைப்பில் பிறகு போவதை விட்டுவிட்டோம்.

ஆறு மாதமாக அவளிடம் மாற்றம் தெரிகிறது. முகப்பில் ஓடத் தொடங்கினால் வளவைச் சுற்றி இரண்டாங்கட்டில் போய் நிற்பவள், இப்போது திண்ணையை விட்டு எழுவதே இல்லை. வகுப்பில் தூங்குகிறாள் என்று ஆசிரியை எழுதி அனுப்புகிறார். ஓர் ஆண்டில் ஐந்து கிலோ கூடிவிட்டாள்; மலச்சிக்கலும் சேர்ந்துகொண்டது. இரவில் குறட்டை விடுகிறாள். பாதித் தூக்கத்தில் எழுந்து சம்மணமிட்டு உட்கார்ந்து, தலையணையில் முகத்தைக் கவிழ்த்தபடியே உறங்குகிறாள். கூப்பிட்டால் இரண்டாம் முறைதான் திரும்பிப் பார்க்கிறாள்.

உள்ளூரில் காட்டியபோது, "இந்தப் பிள்ளைகள் இப்படித்தான், வயது ஏற ஏற மந்தம் கூடும்" என்று சொல்லிச் சத்து மருந்து எழுதிக் கொடுத்தார்கள். அது உண்மையா? என் மாமியார் ஒருபுறம், அத்தை மகனைக் கட்டியதால் வந்த வினை என்று வருந்துகிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

2. கண்டனூர் அப்பச்சி

தங்கச்சி, என் மகனுக்குப் பத்தொன்பது வயது. நீங்கள் எழுதியதில் பாதியை நான் அவனுடைய ஒன்பதாம் வயதில் பார்த்தேன். "இந்தப் பிள்ளைகள் இப்படித்தான்" என்ற சொல்லை நம்பி நாங்கள் ஒன்றரை ஆண்டை வீணாக்கினோம். கடைசியில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது தைராய்டு மிகவும் குறைந்திருந்தது. மாத்திரை தொடங்கி மூன்று மாதத்தில் பழைய சுறுசுறுப்பு திரும்பியது.

எனக்குத் தெரிந்த வரையில் இந்தப் பிள்ளைகளின் மருத்துவம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. கைக்குழந்தையில் இதயமும் பால் குடிப்பதும் கவலை. ஓடும் வயதில் காதும் கண்ணும். பள்ளி வயதில் தைராய்டும் தூக்கமும் எடையும். மீசை முளைக்கும் வயதில் மனம். ஒன்றைக் கடந்துவிட்டோம் என்று மூச்சு விடும்போது அடுத்தது சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துவிடுகிறது. நாளையே தைராய்டு குறைவைக் காட்டும் டி.எஸ்.எச். பரிசோதனைக்கு ரத்தம் கொடுங்கள்.

3. பெரிய வீட்டு ஆயா

ஆத்தா, உன் மாமியார் சொல்வதை மனத்தில் வைக்காதே. எங்கள் வளவில் சொந்தத்தில் கட்டாதவர்கள் யார் இருக்கிறார்கள்? என் பேரனுக்கும் இதே நிலைதான். அவனுடைய பெற்றோர் உறவே கிடையாது. உப்பை மாற்றிப் பார். நாம் கல் உப்பில் சமைக்கிறோம். அயோடின் உப்புக்கு மாறினால் தைராய்டு சரியாகும் என்று டிவியில் சொன்னார்கள். தூத்துக்குடிப் பக்கம் மூளை வளர்ச்சிக்கு ஒரு லேகியமும் தருகிறார்களாம்.

4. ஓய்வுபெற்ற குழந்தை மருத்துவர்

அம்மா, குழந்தையைப் பார்க்காமல் நோயை இன்னதென்று நான் சொல்ல முடியாது. ஆனால் எதையெல்லாம் தேட வேண்டும் என்று சொல்ல முடியும். உங்கள் பதிவில் நான்கு தனித்தனிக் கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

முதலில் தைராய்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டுச் சுரப்பு குறைவது வாழ்நாளில் எப்போது வேண்டுமானாலும் நேரலாம் என்பதால், பிறந்தவுடனும் ஆறாம் மாதத்திலும் ஓராண்டிலும், அதன் பின் ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022இல் புதுப்பித்த வழிகாட்டுதலிலும் உள்ள விதி. சோம்பல், எடை கூடுதல், மலச்சிக்கல், வறண்ட தோல் ஆகிய அறிகுறிகள் அனைத்தையும் "இவர்களின் இயல்பு" என்று தள்ளிவிட எளிது. அதனால்தான் அறிகுறிக்காகக் காத்திராமல் ஆண்டுக்கு ஒரு முறை பார்க்கச் சொல்கிறோம். வளர்ந்த பிள்ளைகளிடம் பெரும்பாலும் உடலின் எதிர்ப்பாற்றலே தன் சுரப்பியைத் தாக்குவதால் இது வருகிறது. ஆகவே, ஆயா அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், அயோடின் உப்பு வீட்டுக்கு நல்லதே என்றாலும் இந்தக் குறைவை அது சரிசெய்யாது. தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். சற்றே கூடி, தைராய்டு சுரக்கும் டி4 சரியாக இருந்தால், உடனே மாத்திரை தொடங்காமல் சில மாதம் கழித்து மீண்டும் பார்ப்பதும் உண்டு; அதைக் கண்டு மருத்துவர் அலட்சியம் செய்கிறார் என்று எண்ண வேண்டாம்.

இரண்டாவது தூக்கம். உட்கார்ந்து குனிந்தபடி உறங்குவது என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. இவர்களுக்கு நடுமுகம் சிறியது, தொண்டைத் தசைகள் தளர்ந்தவை, நாக்கு பின்னுக்குச் சரிகிறது. அதனுடன் மூக்கின் பின்னுள்ள அடினாய்டும் தொண்டையில் உள்ள டான்சிலும் பெருத்தால் உறக்கத்தில் மூச்சு அடைபடும். படுத்தால் மூச்சு தடைபடுவதால் குழந்தை தானாகவே உட்கார்ந்துகொள்கிறது. இரவில் பலமுறை ஆக்சிஜன் குறைந்தால் பகலில் உறக்கமும் எரிச்சலும் கவனக்குறைவும் வரும். நாளடைவில் நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறும். ஏற்கெனவே இதய அறுவை செய்த குழந்தைக்கு அந்தச் சுமை கூடவே கூடாது. பெற்றோர் சொல்லும் அறிகுறிகளை மட்டும் வைத்து இதைக் கண்டுபிடிப்பதில் தவறு நேர்வது அதிகம். அதனால்தான் குறட்டை இல்லாத குழந்தைக்கும் மூன்று, நான்கு வயதுக்குள் ஒரு முறை, உறங்கும்போது மூச்சையும் ஆக்சிஜனையும் அளக்கும் தூக்க ஆய்வு செய்யச் சொல்கிறார்கள்.

மூன்றாவது காது. இவர்களின் காதுக் குழாய் மிகக் குறுகியது. நடுக்காதில் நீர் கோத்து நின்றால் வலியும் இராது, சீழும் வராது, கேட்பது மட்டும் மங்கும். இரண்டாம் முறை திரும்பிப் பார்க்கும் பிள்ளையைப் பிடிவாதம் என்று எண்ணிவிடுகிறோம்.

நான்காவது இதயம். துளையை அடைத்ததோடு கணக்கு முடியவில்லை. இந்த வகை அறுவைக்குப் பிறகு இடப்பக்க வால்வு கசியலாம். அதற்காக வாழ்நாள் முழுதும் இதய மருத்துவரின் பார்வையில் இருக்க வேண்டும். நான்கு ஆண்டு இடைவெளி நீண்டது. எக்கோ எடுங்கள்.

லேகியத்தைப் பற்றி: டவுன் சிண்ட்ரோமில் அறிவுத்திறனைக் கூட்டும் என்று நிறுவப்பட்ட மருந்தோ சத்துப்பொருளோ இன்று வரை எதுவும் இல்லை. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத எதையும் தைராய்டுப் பரிசோதனைக்கு முன் கொடுத்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

5. தேவகோட்டை ஆத்தா

டாக்டர் ஐயா, படித்துவிட்டு வெகு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவள் அப்படிக் குனிந்து உறங்குவதைப் பார்த்து, சாமி கும்பிடுகிற மாதிரி இருக்கிறது என்று படம் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பி மகிழ்ந்திருக்கிறேன். சொந்தத்தில் கட்டியதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள். வீட்டில் காட்ட வேண்டும்.

6. ஓய்வுபெற்ற குழந்தை மருத்துவர்

தொடர்பு இல்லை. 1866இல் ஜான் லாங்டன் டவுன் இந்த நிலையை விவரித்தார். காரணம் 1959இல்தான் ஜெரோம் லெஜூன் குழுவினரால் வெளிவந்தது. 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருக்கிறது. நூற்றுக்கு ஏறத்தாழ 95 பேரிடம் கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது நேரும் பிரிதல் பிழையே காரணம். அதற்கு மாமன் மகளும் அத்தை மகனும் பொறுப்பாக மாட்டார்கள். சொந்தத் திருமணத்தால் கூடும் நோய்கள் வேறு வகை. தாயின் வயது ஏறினால் வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மை. ஆனால் இளம் தாய்மாரே அதிகம் பிள்ளை பெறுவதால், இக்குழந்தைகளில் பெரும்பாலோர் 35 வயதுக்குக் குறைந்த தாய்மாருக்கே பிறக்கிறார்கள்.

ஒரே ஒரு விலக்கு: மூன்று, நான்கு விழுக்காட்டினரிடம் அந்தக் கூடுதல் 21ஆம் குரோமோசோம் வேறொன்றோடு ஒட்டியிருக்கும். அப்போது மட்டும் பெற்றோரின் ரத்தத்தையும் பார்க்க வேண்டும். அடுத்த பிள்ளைக்கு வரும் வாய்ப்பு அதைப் பொறுத்தது. உங்களிடம் உள்ள கேரியோடைப் (குரோமோசோம் பரிசோதனை) அறிக்கையில் 47 என்று தொடங்கி "பிளஸ் 21" என்று முடிந்திருந்தால் அந்தக் கவலை இல்லை. அந்த வரியை மாமியாரிடம் காட்டுங்கள்.

7. பள்ளத்தூர் மகள்

இடையில் வருவதற்கு மன்னியுங்கள். என் மகனுக்கு நான்கு மாதம், அவனுக்கும் டவுன் சிண்ட்ரோம். பிறந்தபோது ஸ்டெதஸ்கோப்பில் சத்தம் ஏதும் கேட்கவில்லை, எக்கோ தேவையில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பால் குடிக்கும்போது வியர்க்கிறது. அரை மணி நேரம் ஆனாலும் முடிப்பதில்லை. இதெல்லாம் தளர்ந்த தசையால் வருவதா?

8. ஓய்வுபெற்ற குழந்தை மருத்துவர்

அம்மா, இந்த வாரமே எக்கோ எடுங்கள். இக்குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பிறவி இதயக் குறை உண்டு. பெரிய துளையாக இருந்தால் தொடக்கத்தில் சத்தமே கேட்காமல் போகலாம். அதனால் சத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எக்கோ கட்டாயம். பால் குடிக்கையில் வியர்ப்பதும் களைப்பதும் இதயம் திணறுவதன் அடையாளமாக இருக்கலாம். பெரிய துளைகளை மூன்று முதல் ஆறு மாதத்திற்குள் மூடுவது வழக்கம். காலம் தாழ்ந்தால் நுரையீரல் ரத்தக்குழாய்கள் கெட்டிப்பட்டு, பிறகு மூடவே முடியாத நிலை வந்துவிடும்.

அதே வருகையில் ரத்த அணுக்களின் எண்ணிக்கை பார்த்தார்களா என்றும் கேளுங்கள். டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்த குழந்தைகளில் பத்தில் ஒருவருக்குத் தற்காலிக வெள்ளணுப் பெருக்கம் வருகிறது. பெரும்பாலும் தானே அடங்கும் என்றாலும் சிலருக்குப் பின்னாளில் ரத்தப் புற்றாக மாறுவதால் கண்காணிப்பு தேவை. ஆறு மாதத்திற்குள் கண் மருத்துவரிடம் காட்டிப் பிறவிப் புரை இல்லை என்று உறுதிசெய்யுங்கள்.

9. சிறப்பாசிரியை, காரைக்குடி

பள்ளத்தூர் மகளுக்கு: உங்கள் பகுதி அங்கன்வாடியில் கேட்டால், பிறப்பு முதல் 18 வயது வரையிலான குழந்தைகளுக்கான தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுவைத் தொடர்புகொள்ளலாம். 2013இல் தொடங்கிய அத்திட்டத்தின் பட்டியலில் டவுன் சிண்ட்ரோமும் பிறவி இதய நோயும் பெயரிட்டே சேர்க்கப்பட்டுள்ளன. அவர்கள் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். அறுவைக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உதவும். இல்லாவிட்டால் இப்போதே விண்ணப்பியுங்கள். பொன்னமராவதி, திருமயம் பக்கத்தவர்களுக்கு மாவட்டம் புதுக்கோட்டை என்பதை நினைவில் கொள்ளுங்கள். செட்டிநாடு என்று நாம் ஒன்றாகப் பேசினாலும் கோப்பு இரண்டு ஆட்சியரகங்களுக்குப் போகிறது. ஊர் மாறி விண்ணப்பித்து அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தேவகோட்டை அம்மாவுக்கு: காதில் நீர் இருக்கும் பிள்ளையை முதல் வரிசையில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். கேட்கவில்லை என்பதால் பேச்சு நின்றுபோன பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி மட்டும் கொடுத்து, முன்னேற்றமில்லை என்று நாங்களே சலித்துக்கொண்ட காலம் உண்டு. இப்போது கேட்புப் பரிசோதனைத் தாள் இல்லாமல் நான் பயிற்சித் திட்டம் எழுதுவதில்லை.

10. சிங்கப்பூர் வாசி

அக்கா மகன் ஆத்தங்குடியில் இருக்கிறான், ஏழு வயது, அவனுக்கும் டவுன் சிண்ட்ரோம். பள்ளியில் யோகா வகுப்பில் சேர்க்கிறார்கள், சிரசாசனம் உட்பட. கழுத்து எலும்பு தளர்ந்திருக்கும், எக்ஸ்ரே எடுக்காமல் சேர்க்கக் கூடாது என்று இங்கே ஒருவர் சொன்னார். கண்டனூர் அண்ணன் எடுத்தீர்களா?

11. கண்டனூர் அப்பச்சி

ஐந்து வயதில் எடுத்தோம், நன்றாக இருக்கிறது என்றார்கள். ஒவ்வொருவரும் எடுத்துவிட வேண்டும் என்பதுதான் என் கருத்து. மன நிம்மதிக்காவது.

12. ஓய்வுபெற்ற குழந்தை மருத்துவர்

இதில் மட்டும் நான் உங்களோடு வேறுபடுகிறேன். முதல் இரண்டு கழுத்தெலும்புகளுக்கு இடையே தளர்ச்சி இருப்பது உண்மை. ஆனால் அறிகுறி ஏதும் இல்லாத பிள்ளைக்கு எடுக்கும் எக்ஸ்ரே, பிற்காலத்தில் தண்டுவடம் நசுங்குமா என்பதைச் சரியாகக் கணிப்பதில்லை என்று கண்டதால், எல்லோருக்கும் எடுக்கும் வழக்கம் கைவிடப்பட்டது. ஐந்து வயதில் கிடைத்த "நன்றாக இருக்கிறது" என்ற தாள் பத்து வயதில் காவல் நிற்காது. அந்த நிம்மதியில்தான் ஆபத்து.

அதற்குப் பதிலாக, பெற்றோர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும்: கழுத்து வலி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தே வைத்திருத்தல், நடையில் தடுமாற்றம், கைகளின் பிடி தளர்தல், அடக்கிப் பழகிய சிறுநீரும் மலமும் மீண்டும் கட்டுப்பாடின்றிப் போதல். இவற்றில் ஒன்று புதிதாகத் தோன்றினாலும் கழுத்தை அசைக்காமல் உடனே கொண்டுபோக வேண்டும். சிரசாசனமும் குட்டிக்கரணமும் வேண்டாம். மற்ற ஆசனங்களும் நீச்சலும் நடையும் தாராளமாகச் செய்யலாம். இவர்களை உட்கார வைத்துக் காப்பது தவறு.

13. கண்டனூர் அப்பச்சி

ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. அந்தத் தாளை நம்பித்தான் அவனைக் கரணம் போட விட்டேன். ஒன்றும் நேராதது எங்கள் நல்ல காலம்.

எங்களுக்கு இப்போதுள்ள கவலை வேறு. பதினெட்டு முடிந்ததும் குழந்தை மருத்துவர் இனிப் பெரியவர்களுக்கான மருத்துவரிடம் போங்கள் என்று அனுப்பிவிட்டார். அந்தப் புதிய மருத்துவர் நல்லவர். ஆனால் அவனுடைய பத்தொன்பது ஆண்டுகளை ஐந்து நிமிடத்தில் எப்படிச் சொல்வது? சென்ற ஆண்டு அவன் மூன்று மாதமாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டு, பல் துலக்குவதைக்கூட மறந்தவன் போல ஆனான். தைராய்டு, பி12, தூக்கம், மனச்சோர்வு என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருந்தது. இருந்த திறன்களை இழக்கும் நிலை இந்த வயதினரிடம் தனியே அறியப்பட்டிருக்கிறது என்று நரம்பியல் மருத்துவர் சொன்ன பிறகே அது பருவக் கோளாறு இல்லை என்று எங்களுக்குப் புரிந்தது.

அப்போதுதான் பேரேடு தொடங்கினேன். கணக்கு எழுதாத வீடு நம் ஊரில் உண்டா? எங்கள் வீட்டுப் பெரியவர் காலத்து நீளக் கணக்கு நோட்டு ஒன்று வெறுமையாகக் கிடந்தது. இடப்பக்கம் தேதியும் பரிசோதனையும், வலப்பக்கம் முடிவும் அடுத்து எப்போது என்பதும். தைராய்டு, எக்கோ, காது, கண், பல், எடை, தடுப்பூசி என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஏடு. பொங்கல் கழிந்ததும் ஐந்தொகை பார்ப்பது போல ஒரு முறை புரட்டுவோம். எந்த ஏடு ஓர் ஆண்டாகக் காலியாக இருக்கிறதோ அதற்கு முதலில் போவோம். பல் ஏடு காலியாக இருந்ததால்தான் ஈறு நோய் தெரிந்தது.

இன்னொன்று, மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு மொத்தம் ஒரு லட்ச ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கிறது; வெளிநோயாளிச் செலவும் பயிற்சிச் செலவும் அதற்குள் அடங்கும். பதினெட்டுக்குப் பிறகு சட்டக் காப்பாளராக நியமனம் பெற ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நான் தாமதித்தேன், நீங்கள் பதினேழிலேயே தாள்களைச் சேர்க்கத் தொடங்குங்கள்.

14. பெரிய வீட்டு ஆயா

எடையைப் பற்றி யாரும் எழுதவில்லை. எங்கள் வீட்டில் நோன்பு, படைப்பு, கல்யாணம் என்று எதற்குப் போனாலும் அவன் கையில் ஒரு தட்டு. பாவம் பிள்ளை என்று ஆளுக்கொரு சீயமும் கந்தரப்பமும் திணிக்கிறார்கள். நானும்தான். போன மாதம் டாக்டர் என்னைத்தான் முதலில் கடிந்தார்.

15. ஓய்வுபெற்ற குழந்தை மருத்துவர்

அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இவர்கள் ஓய்வில் செலவழிக்கும் சக்தி மற்றப் பிள்ளைகளைவிடக் குறைவு. அதே தட்டு இவர்களுக்குக் கூடுதல். வளர்ச்சியை அளக்க டவுன் சிண்ட்ரோமுக்கென்று தனி வளர்ச்சி அட்டவணை உண்டு. ஆனால் அதில் உள்ள பிள்ளைகளிலும் பருமனானவர்கள் பலர் என்பதால், பள்ளி வயதில் பி.எம்.ஐ.யை, அதாவது உயரத்துக்கேற்ற எடைக் குறியீட்டை, பொது அட்டவணையிலேயே பார்ப்பது நல்லது.

16. பள்ளத்தூர் மகள்

எக்கோ எடுத்தோம். கீழறைகளுக்கு நடுவே பெரிய துளை. மருந்து தொடங்கியிருக்கிறார்கள், அடுத்த மாதம் அறுவைக்குத் தேதி கிடைத்திருக்கிறது. இங்கே கேட்காமல் இருந்திருந்தால் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

17. தேவகோட்டை ஆத்தா

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். டி.எஸ்.எச். மிக அதிகம், டி4 குறைவு, மாத்திரை தொடங்கிவிட்டோம். காலையில் வெறும் வயிற்றில் கொடுத்து, அரை மணி கழித்தே பால். இரும்புச் சத்து மருந்தை நான்கு மணி நேரம் தள்ளி மாலைக்கு மாற்றச் சொன்னார்கள். எக்கோவில் வால்வு சிறிதளவே கசிகிறது, ஆண்டுதோறும் வரச் சொன்னார்கள். இரண்டு காதிலும் நீர். மதுரையில் ஓர் இரவு தங்கித் தூக்க ஆய்வும் செய்தோம். மூச்சு அடைபடுவது உறுதியாகிவிட்டது. அடினாய்டையும் டான்சிலையும் எடுத்து, அதே மயக்கத்தில் காதில் சிறு குழாய் வைக்கப் போகிறார்கள். மயக்க மருத்துவரிடம் நான் சொல்ல வேண்டியது ஏதாவது உண்டா?

18. ஓய்வுபெற்ற குழந்தை மருத்துவர்

உண்டு அம்மா. டவுன் சிண்ட்ரோம் என்பது கோப்பில் இருந்தாலும் வாயாலும் சொல்லுங்கள்: கழுத்தை அதிகம் பின்னுக்கு வளைக்காமல் கையாள வேண்டும், மூச்சுக்குழாய் குறுகியது என்பதால் வயதுக்கு வழக்கமானதைவிடச் சிறிய குழாய் தேவைப்படலாம், மயக்கத்தின் தொடக்கத்தில் இதயத் துடிப்பு குறைவது இவர்களிடம் அதிகம். அறுவை அன்றே வீட்டுக்கு அனுப்பினால் ஒப்பாதீர்கள். ஓர் இரவாவது ஆக்சிஜன் அளவைக் கண்காணிக்க வேண்டும். டான்சில் எடுத்த பிறகும் பலருக்கு மூச்சடைப்பு மிச்சமிருப்பதால், சில மாதம் கழித்துத் தூக்க ஆய்வை மீண்டும் செய்யுங்கள். சென்னையில் செய்த இதய அறுவையின் டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருக்கிறதா? துளையை மூட எந்த ஒட்டு வைத்தார்கள் என்பது அதில்தான் இருக்கும்.

19. தேவகோட்டை ஆத்தா

இரண்டு நாள் தேடினோம் ஐயா. கடைசியில் அப்பத்தாதான் தம்முடைய தேக்குப் பெட்டியைத் திறந்து, வீட்டுப் பத்திரங்களுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதனுடன் கேரியோடைப் தாளும் இருந்தது. 47 என்றுதான் தொடங்குகிறது. மாமியார் கண்ணாடி போட்டு அந்த வரியைப் படித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் என் மகளுக்குத் தலை பின்னப் போனார். அறுவை வருகிற புதன்கிழமை. கண்டனூர் அண்ணன், உங்கள் பேரேட்டின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புவீர்களா?